முன்பாரமும் பின்பாரமும்: டிராக்டர் டிரெய்லரில் ஓர் இயற்பியல் பாடம்

நார்த்தாமலைச் சுற்றுவட்டாரச் சாலைகளில் கருங்கல், ஜல்லி, வைக்கோல் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு டிராக்டர் டிரெய்லர்கள் போய்வந்தபடி இருக்கும். பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா வந்தால் அதே டிரெய்லர்களில் ஆட்களும் ஏறி வருவார்கள். நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலர் டிராக்டரின் மட்கார்டிலும், இன்னும் சிலர் கொக்கிக்கு மேலுள்ள இரும்புக் கம்பியிலும் உட்கார்ந்து பள்ளிக்கு வருபவர்கள். பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமான இயக்க விதிகளை நடத்த இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது.

இழுக்கும் வண்டியைவிட இழுக்கப்படும் வண்டி கனமாக இருந்தால் என்ன ஆகும்? மாணவர்கள் உடனே, "இழுக்க முடியாது சார்" என்பார்கள். இழுத்துவிடலாம், நிறுத்துவதுதான் கடினம். இதைக் கணக்காகவே போட்டுக் காட்டலாம். டிராக்டரின் நிறை 2,000 கிலோ, சுமையோடு டிரெய்லர் 5,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்ப்பக்கம் பல டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் கிடையாது. டயருக்கும் தார்ச்சாலைக்கும் இடையே உராய்வுக் கெழு 0.6 எனக் கொண்டால், டிராக்டரின் எடை முழுவதும் பிரேக்குக்கு உதவினாலும் கிடைக்கும் விசை 12,000 நியூட்டன்தான். மணிக்கு 27 கி.மீ., அதாவது வினாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் தனியாகப் போகும் டிராக்டர் ஏறக்குறைய 4.7 மீட்டரில் நின்றுவிடும். டிரெய்லரைக் கோர்த்தபின் அதே விசை 7,000 கிலோவை நிறுத்த வேண்டும். அதற்கு 16 மீட்டருக்கு மேல் தேவை. பெரும்பாலான டிராக்டர்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு என்பதால் உண்மையில் தூரம் இன்னும் கூடும். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை இக்கணக்கில் சேர்க்கவே இல்லை.

பிரேக் பிடித்தபின் டிரெய்லர் நிலைமத்தால் முன்னோக்கியே வரப் பார்க்கும். இரண்டும் நேர்கோட்டில் இருந்தால் டிராக்டரை வெறுமனே தள்ளும். வளைவில் இருந்தால் டிராக்டரின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளி, மடக்குக்கத்தி போல் இரண்டையும் மடக்கிவிடும். ஒரு பலகையைச் சரிவாக வைத்து, இரண்டு பொம்மை வண்டிகளைச் சிறு குச்சியால் கோர்த்து உருட்டி, முன்வண்டியை மட்டும் விரலால் நிறுத்தினால் இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் கண்ணால் பார்த்துவிடுவார்கள். டிராக்டரில் இடம், வலம் என இரண்டு பிரேக் பெடல்கள் இருக்கும். அவை வயலில் திருப்புவதற்காக. சாலைக்கு வரும்போது இரண்டையும் இணைக்கும் தாழைப் போடாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்து இந்த ஆபத்து இன்னும் பெரிதாகும். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும் அப்படித்தான். கியரில் இருந்தால் இன்ஜினும் வேகத்தைத் தடுக்கும்; நியூட்ரலில் அந்த உதவியும் போய்விடுகிறது.

அடுத்தது சுமை வைக்கும் இடம். மாட்டுவண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்கள். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். திருப்புத்திறன் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அவர்கள் மூட்டைகளை நகர்த்தி வைத்து அதைச் சரிசெய்தார்கள்!

ஒற்றை அச்சு டிரெய்லரிலும் இதே கதைதான். பின்பாரம் கூடினால் கொக்கி மேல்நோக்கி இழுபடும். டிராக்டரின் பின்சக்கரங்களில் அழுத்தம் குறையும். இழுக்கும் பிடிப்பும் பிரேக் பிடிப்பும் சேர்ந்தே குறையும். முன்பாரம் மிகுந்தால், டிராக்டரின் பின் அச்சு தாங்குபுள்ளியாகி முன்சக்கரங்கள் தூக்கும். மேட்டில் ஏறும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாதது இதனால்தான். அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்னால் படுக்கை, சமையலறையோடு கூடிய பயண டிரெய்லரைக் கோர்த்துக்கொண்டு குடும்பமாகச் சுற்றுலா போகிறார்கள். அங்கே டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது பொதுவான விதி. 3,000 கிலோ டிரெய்லருக்கு அது 300 முதல் 450 கிலோ. அதைவிடக் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல் நெளியத் தொடங்கும். நம் வண்டிக்காரர்களின் முன்பாரத்தை அவர்கள் சதவீதத்தில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

கொக்கியில் செருகும் பின்னுக்குப் பூட்டு ஊசி போட்டிருக்கிறதா, துணைச் சங்கிலி இருக்கிறதா, டிரெய்லரின் பின்புறம் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று வீட்டில் டிராக்டர் வைத்திருக்கும் மாணவர்களைப் பார்த்துவரச் சொல்லலாம். சரக்கு டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். கொக்கிக் கம்பியில் உட்காரும் பிள்ளைகளிடம் மட்டும், 5,000 கிலோ டிரெய்லரின் சக்கரங்களுக்கு நேர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும்.

கணக்கைக் கரும்பலகையோடு விட வேண்டாம். மைதானத்தில் ஒரு கோடு கிழித்து, அதிலிருந்து 4.7 மீட்டரில் ஒரு மாணவரையும் 16.4 மீட்டரில் இன்னொரு மாணவரையும் நிற்க வையுங்கள். மற்ற பிள்ளைகள் கோட்டில் நின்று அந்த இடைவெளியைப் பார்க்கட்டும்.