உங்கள் வருங்கால மனநலத்தை ஒரு சோதனை சொல்லிவிடுமா?

‘பச்சை’ என்ற சொல்லைச் சிவப்பு மையில் எழுதுங்கள். ‘நீலம்’ என்பதை மஞ்சளிலும் ‘சிவப்பு’ என்பதைப் பச்சையிலும் எழுதுங்கள். இப்போது சொற்களை வாசிக்காமல், மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கு தடுமாறுகிறதா? சொல்லைக் கண்டதும் வாசிக்கத் துடிக்கும் மூளையை நீங்கள் அடக்க வேண்டியிருக்கிறது. அதுதான் காரணம்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935ல் வெளியிட்ட சோதனை இது. கவனம், நினைவாற்றல், தன்னை அடக்கும் திறன் போன்றவற்றை அளக்கும் இத்தகைய சோதனைகளை ‘அறிதிறன் சோதனைகள்’ என்பர். ‘பைபோலார்’ எனப்படும் இருமுனை மனநிலைக் கோளாறு யாருக்கு வரக்கூடும் என்பதை இவற்றின் மூலம் முன்கூட்டியே அறிய முடியுமா என ஆய்வாளர்கள் ஆராய்ந்து வருகின்றனர்.

ஏன் முன்கூட்டியே அறிய வேண்டும்?

பைபோலார் உள்ளவர்களுக்குச் சில காலம் அளவுகடந்த உற்சாகம் இருக்கும். குறைவாகத் தூங்கினாலும் களைப்பு தெரியாது. வேறு சில காலம் வாரக்கணக்கில் ஆழ்ந்த மனச்சோர்வு வாட்டும். பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ இது தொடங்குகிறது. பலருக்கு மனச்சோர்வே முதலில் வெளிப்படுவதால், சரியாகக் கண்டறியப் பல ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் படிப்பும் நட்பும் பாதிக்கப்படலாம்.

ஆய்வுகள் காட்டுவது என்ன?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ பைபோலார் உள்ள இளையர்களைச் சோதித்தனர். திரையில் முகங்கள் தோன்றும். சில முகங்களுக்குப் பொத்தானை அழுத்த வேண்டும். சிலவற்றுக்கு அழுத்தாமல் கையை அடக்க வேண்டும். அச்சம் நிறைந்த முகத்தைக் கண்டு அடக்கும்போது, இவர்களது மூளையின் முன்பகுதியில் ஓரிடம் மற்ற இளையர்களைவிடக் குறைவாகச் செயல்பட்டதை ஸ்கேன் காட்டியது. இம்முடிவு 2013ல் வெளியானது.

சுவீடனில் 1988 முதல் 1997 வரை பள்ளிக் கல்வியை முடித்த 713,876 பேரின் மதிப்பெண்களை மற்றோர் ஆய்வு அலசியது. 16 வயதில் மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பைபோலார் வரும் வாய்ப்பு, சராசரி மாணவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தது. மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கும் வாய்ப்பு கூடுதலாகவே இருந்தது.

வகுப்பில் முதலிடம் வருபவரா நீங்கள்? பதற வேண்டாம். அத்தனை பேரிலும் பைபோலாருக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 280 பேர்தான். அதாவது 10,000 பேரில் நால்வர். மிகச் சிறியதோர் எண்ணை நான்கால் பெருக்கினாலும் அது சிறிய எண்ணாகவே இருக்கும்.

நீங்களே கணக்கிடுங்கள்

1,000 மாணவர்களில் 20 பேருக்குப் பின்னாளில் பைபோலார் வரும் என வைத்துக்கொள்வோம். நம் கற்பனைச் சோதனை 80 விழுக்காடு துல்லியமானது. அந்த 20 பேரில் 16 பேரை அது சரியாகக் கண்டுபிடிக்கும். ஆனால் எஞ்சிய 980 பேரில் 20 விழுக்காட்டினரை, அதாவது 196 பேரைத் தவறாகச் சுட்டிக்காட்டும். மொத்தம் 212 பேருக்கு ‘அபாயம்’ என்ற முடிவு வரும். அவர்களில் உண்மையிலேயே பாதிக்கப்படுவோர் 16 பேர் மட்டுமே! 196 பேர் காரணமின்றிக் கலங்குவார்கள், நால்வர் தவறவிடப்படுவார்கள்.

இதனால்தான் அறிதிறன் சோதனையை மட்டும் வைத்து மருத்துவர்கள் முடிவெடுப்பதில்லை. தூக்கம், மனநிலை மாற்றங்கள், குடும்ப வரலாறு அனைத்தையும் விசாரிக்கிறார்கள். பெற்றோருக்குப் பைபோலார் இருந்தாலும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வருவதில்லை.

சிங்கப்பூரில் மனநலக் கழகம் 2016ல் தொடங்கிய ஆய்வின்படி, பெரியவர்களில் 1.6 விழுக்காட்டினர் வாழ்நாளில் எப்போதாவது பைபோலாரை எதிர்கொண்டுள்ளனர். இதற்குச் சிகிச்சை உண்டு. சிகிச்சையுடன் படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்துவோர் பலர்.

எனவே, ‘உங்களுக்குப் பைபோலாரா?’ என்று கேட்கும் இணையப் புதிர்களை நம்பாதீர்கள். உங்களிடமோ நண்பரிடமோ தூக்கம், மனநிலை, நடத்தை ஆகியவை நாள்கணக்கில் வழக்கத்துக்கு மாறாக இருந்தால், பெற்றோரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ சொல்லுங்கள். அதற்கு எந்தச் சோதனையின் முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.