சரண் சிங்: உழுதவர் பெயர் ஏட்டில் ஏறிய கதை

சரண் சிங் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1979. ஜூலை 28-இல் பிரதமராகி, நாடாளுமன்றத்தை ஒருமுறைகூடச் சந்திக்காமல் ஆகஸ்ட் 20-இல் ராஜினாமா செய்தவர். அந்த மூன்று வாரங்களை வைத்து அவரை எடைபோடுவது பெரும் அநியாயம். அவர் வாழ்நாள் வேலை நடந்த இடம் லக்னோ. அதிலும் வருவாய்த் துறை.

மீரட் மாவட்டத்து நூர்பூரில் 1902-இல் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். காசியாபாத்தில் வக்கீலாக இருந்தவர், 1937-இல் ஐக்கிய மாகாணச் சட்டசபைக்குத் தேர்வானார். பின்னாளில் உத்தரப் பிரதேசம் எனப் பெயர் மாறிய மாகாணம் அது. விடுதலைக்குப் பிறகு கோவிந்த் வல்லப பந்த்தின் ஆட்சியில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டத்தை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் ஆனார். அந்தச் சட்டம் 1952 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஜமீன்தாரி முறையில் அரசுக்கு வரி கட்டுவது ஜமீன்தார். அவரிடம் குத்தகை கட்டி உழுவது குடியானவர். புதிய சட்டம் இடையில் இருந்தவரை நீக்கி, உழுபவரை நேராக அரசோடு இணைத்தது. ஆண்டுக் குத்தகையைப்போலப் பத்து மடங்கு கட்டியவர் ‘பூமிதார்’ ஆனார். நிலத்தை விற்கும் உரிமை கிடைத்தது, தீர்வையும் பாதியானது. கட்ட முடியாதவர் ‘சிர்தார்’. விற்க முடியாது, ஆனால் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லலாம். இவர்களுக்கும் கீழே, உள்குத்தகைக்கு உழுதவர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட சாதியினர். இவர்களை வெளியேற்றிவிட வேண்டும் என்று நிலக்காரர்கள் நெருக்கினார்கள். சரண் சிங் இணங்கவில்லை. 1954 திருத்தத்தின் மூலம் இவர்களும் சிர்தார்கள் ஆனார்கள். அவர் செய்தவற்றில் நான் முதலில் வைப்பது இதைத்தான்.

சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதுமா? யார் உழுகிறார் என்று ஏட்டில் எழுதுபவர் பட்வாரி. நம் ஊர்க் கர்ணத்துக்கு இருந்த அதே அதிகாரம். ஒரு வரியை மாற்றி எழுதினால் ஒரு குடும்பத்தின் நிலம் போய்விடும். 1953-இல் பட்வாரிகள் கோரிக்கைகளை முன்வைத்து ஒட்டுமொத்தமாக ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். அரசு பணிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. வருவாய் அமைச்சர் சரண் சிங் சுமார் 27,000 கடிதங்களை அப்படியே ஏற்றுக்கொண்டு, ‘லேக்பால்’ என்ற புதிய பதவியை உருவாக்கி ஆட்களை நியமித்தார். தமிழ்நாட்டில் கர்ணம், மணியக்காரர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது 1980-இல்தான் என்பதை நினைத்தால், அந்தத் துணிச்சலின் அளவு புரியும். அதே காலத்தில் சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை ஒன்றுசேர்க்கும் ‘சக்பந்தி’ சட்டத்தையும் கொண்டுவந்தார்.

1959 ஜனவரி, நாக்பூர் காங்கிரஸ் மாநாடு. கூட்டுறவுப் பண்ணை வேண்டும் என்ற தீர்மானத்துக்கு நேருவே ஆதரவு. அந்த மேடையிலேயே சரண் சிங் எதிர்த்துப் பேசினார். தன் நிலம் என்ற பிடிப்பு போனால் விவசாயியின் உழைப்பும் போய்விடும் என்பது அவர் வாதம். சில மாதங்களில் மாநில அமைச்சரவையிலிருந்து விலகினார்.

1967 ஏப்ரலில் காங்கிரஸை விட்டு வெளியேறி, ஐக்கிய சட்டமன்றக் கட்சியின் தலைவராக முதலமைச்சரானார். உத்தரப் பிரதேசத்தின் முதல் காங்கிரஸ் அல்லாத அரசு அது, ஓராண்டுகூட நீடிக்கவில்லை. ஆனால் 1969 தேர்தலில் அவருடைய பாரதிய கிராந்தி தளம் 98 இடங்களை வென்றது. ஜமீன்தாரி ஒழிப்பால் நிலம் பெற்ற நடுத்தர விவசாயச் சாதிகளுக்கு அரசியலில் ஒரு முகவரி கிடைத்தது. பின்னாளில் முலாயம் சிங் போன்றவர்கள் அந்த வழியில் வந்தவர்களே.

குறையும் உண்டு. சொந்தச் சாகுபடி என்ற பெயரில் ஜமீன்தார்கள் நிறைய நிலத்தைத் தக்கவைத்துக்கொண்டார்கள். நிலமே இல்லாத கூலிகளுக்கு அவர் காட்டிய வழி கிராமத் தொழில்கள். எல்லோருக்கும் பங்கிட நிலம் இல்லை என்றார். அந்தத் தொழில்கள் வரவில்லை. வயலில் கூலிக்கு இறங்கியவருக்கு 1952-க்குப் பிறகும் நிலம் அடுத்தவருடையதாகவே இருந்தது.