காருக்கு இலவசக் குளியல் வேண்டாம்!

பெயிண்ட் தொழிற்சாலை ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். அதனால் தில்லியில் நம் சங்க நிகழ்ச்சிகளில் சந்திக்கும் நண்பர்கள் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஸார், கார் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. நிழலில் பளபளவென்று இருக்கிறது. வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கோடு கோடாகத் தெரிகிறது. பெயிண்டே மட்டமோ?"

பெயிண்ட் மட்டமில்லை, குளிப்பாட்டிய விதம்தான் மட்டம். சர்வீசுக்கு விடும்போதெல்லாம் டீலர் இலவசமாகக் கழுவித் தருகிறாரே, அந்தக் கோடுகளில் பல அங்கே விழுந்தவையாகவே இருக்கும். ஏன் அப்படி என்பதையும், அதைத் தடுப்பது எப்படி என்பதையும் சொல்லத்தான் இக்கட்டுரை.

முதலில் பெயிண்டைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். காரின் இரும்புத் தகட்டின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சுகள் உண்டு. துருப்பிடிக்காமல் காக்க அடிப்பூச்சு; அதன்மேல் சமன் செய்யும் பூச்சு; பிறகு நாம் காணும் நிறம்; எல்லாவற்றுக்கும் மேலே, பெரும்பாலான கார்களில், 'கிளியர் கோட்' என்னும் நிறமில்லாத பூச்சு. பளபளப்பைத் தருவதும் வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த மேல்பூச்சுதான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். எல்லாப் பூச்சுகளும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேல்பூச்சின் பங்கு சுமார் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனமே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். முடியின் கனம்கூட இல்லாத ஒரு தோலைத்தான் துணி போட்டுத் தேய்க்கிறார்கள்.

தேய்ப்பது தண்ணீரும் சோப்பும் மட்டுமாக இருந்தால் பாதகமில்லை. இடையில் மண் இருக்கிறதே! தில்லியின் ரிட்ஜ் என்பது ஆரவல்லி மலைத்தொடரின் கடைசி வால். அது குவார்ட்சைட் பாறை. கோடையில் ராஜஸ்தான் பக்கமிருந்து வீசும் புழுதிக் காற்றும் குவார்ட்ஸ் மணலைச் சுமந்து வருகிறது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. கண்ணாடி சுமார் ஐந்தரை. கண்ணாடியையே கீறக்கூடிய மணல், அதைவிட மென்மையான பெயிண்டை விட்டுவைக்குமா?

நம் வீட்டு எவர்சில்வர் தட்டைப் பாருங்கள். வருஷக்கணக்காக நார் போட்டுத் தேய்த்த தட்டில் விளக்கொளி பட்டால், ஒளியைச் சுற்றி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் இருக்கின்றன. ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகிறவை மட்டும் தெரிவதால் வட்டம்போலத் தோன்றுகிறது. காரிலும் இதே கதைதான். கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களில் இது பளிச்சென்று தெரியும், வெள்ளையில் தெரியாது. ஆனால் கீறல் இரண்டிலும் உண்டு.

என் காரை விட்டிருந்த ஒரு சர்வீஸ் நிலையத்தில், காத்திருக்கும் நேரத்தில் கழுவுமிடத்துக்கு அருகே நின்று கவனித்தேன். இரண்டு பையன்கள், வரிசையில் பத்துப் பன்னிரண்டு கார்கள். நுரை அடிப்பதும் வேகமான தண்ணீரால் சேற்றைப் போக்குவதும் சரியாகத்தான் நடந்தன. தவறு அதன்பிறகு. சக்கரத்தைத் தேய்த்த அதே ஸ்பான்ஜ் பானெட்டுக்கு வந்தது. சக்கரத்தில் மண் மட்டுமல்ல, பிரேக் தேய்ந்து உதிர்ந்த இரும்புத் துகளும் இருக்கும். ஒரே வாளித் தண்ணீர் காலையிலிருந்து மாறவில்லை. துடைக்கும் துணி தரையில் விழுந்தது. எடுத்து உதறிவிட்டு மறுபடியும் துடைத்தார்கள். என் கார் திரும்பி வந்தபோது கதவில் புதுக் கோடுகள்.

அந்தப் பையன்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு காருக்கு அவர்களுக்குக் கிடைப்பது சில நிமிஷங்கள். துணியை மாற்றித் தரவேண்டியது முதலாளி. அவசரத்தில் எவர் செய்தாலும் இப்படித்தான் முடியும். ஆகவே சண்டை போடுவதைவிட, கழுவவே வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

இங்கேதான் நம்மவர்களுக்குத் தயக்கம். இலவசமாகத் தருவதை எப்படி வேண்டாம் என்பது என்று ஒன்று; இந்தியில் எப்படிச் சொல்வது என்று இன்னொன்று. "பையா, காடீ மத் தோனா" என்றால் போதும். வாயால் சொல்வதோடு நிற்கக்கூடாது. வண்டியை ஒப்படைக்கும்போது எழுதும் ஜாப் கார்டில் 'கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம், பாலிஷ் வேண்டாம்' என்று எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். இதையே ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிடுங்கள். ஏனென்றால் கழுவுகிறவர் கண்ணில் ஜாப் கார்டு படுவதில்லை. வண்டி திரும்பி வந்ததும், பணம் கட்டுமுன், கைப்பேசியின் டார்ச்சை அடித்துச் சுற்றிப் பாருங்கள். புதுக் கார் வாங்குவோர் இதை டெலிவரிக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். மாலை போட்டு, ரிப்பன் கட்டி ஒப்படைக்கும் அவசரத்தில்தான் பல கார்களுக்கு முதல் கீறல் விழுகிறது.

சரி, வீட்டில் எப்படிக் கழுவுவது? தில்லியில் 2024 மே மாதக் கோடையில், குழாய் போட்டுக் கார் கழுவுவோருக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று அரசு அறிவித்தது நினைவிருக்கும். குழாயே தேவையில்லை. இரண்டு வாளி போதும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். நிழலில், பானெட் ஆறியபிறகு தொடங்குங்கள். முதலில் மேலிருந்து தண்ணீர் ஊற்றிப் புழுதியை ஓடவிடுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியால், அழுத்தாமல், நேர்க்கோட்டில், கூரையிலிருந்து கீழ்நோக்கித் தேயுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளியில் நனைக்க வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. தரையில் விழுந்த துணியை அன்றைக்கு மறந்துவிடுங்கள். துணி துவைக்கும் பவுடரும் பாத்திர சோப்பும் வேண்டாம். அவை மேலே பூசிய மெழுகை எடுத்துவிடும். கடைசியில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். போர்வெல் தண்ணீரைத் தானாக உலரவிட்டால் உப்புப் புள்ளிகள் படியும்.

தினமும் காலையில் வந்து துடைக்கும் ஆளை வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. உலர்ந்த புழுதியின்மேல் துணியோ தூசி தட்டும் பிரஷ்ஷோ படக்கூடாது. தினமும் கண்ணாடிகளை மட்டும் துடைத்து, வாரம் ஒருமுறை முழுதாகக் கழுவட்டும். சம்பளத்தைக் குறைக்க வேண்டாம். பறவை எச்சம் விழுந்தால் ஈரத் துணியைச் சிறிது நேரம் அதன்மேல் போட்டு, ஊறியபின் எடுக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெழுகு பூசுவது நல்லது.

"கோடு விழுந்தால் பாலிஷ் போட்டுக்கொள்ளலாமே!" என்பார்கள். பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் ஆழத்துக்கு மேல்பூச்சைச் சீவி எடுக்கிறது. ஒருமுறை, இருமுறை தாங்கும். ஒவ்வொரு சர்வீசிலும் போட்டால் பூச்சு மெலிந்து, வெயிலில் நிறம் வெளுத்து உரியத் தொடங்கும். திரும்பப் பெயிண்ட் அடித்தாலும் பழைய உறுதி வருவது கடினம். தொழிற்சாலையில் வெறும் உடல்தகட்டைச் சுமார் 140 டிகிரியில் சுடுகிறார்கள். முழுக் காரில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒயரும் இருப்பதால், பட்டறையில் 60, 70 டிகிரிக்கு மேல் போவதில்லை.

பல வருஷச் சேமிப்பிலோ வங்கிக் கடனிலோ வாங்கிய வண்டி. மாற்றலாகி ஊருக்குக் கொண்டுபோனாலும், இங்கேயே விற்றாலும், அதன் மதிப்பில் பாதியைப் பார்வையே சொல்லிவிடும். அடுத்த சர்வீசுக்குப் போகுமுன் அந்தக் காகிதத்தை எழுதிக் காரிலேயே வைத்துவிடுங்கள்.