ஐஸ் குச்சிக் கவண்: எதை மாத்துறோம், எதை அளக்குறோம்?

தினைப்புனக் காவலுக்குக் கவண் வீசியதைச் சங்கப் பாடல்களில் பார்க்கலாம். சிலப்பதிகாரம், அடைக்கலக் காதையில், மதுரை மதிலின் போர்ப்பொறிகளில் கல் எறியும் கவணையும் சொல்கிறது. நாமக்கல்லில் என் பிள்ளைகளோடு நான் செய்வது அதன் குட்டி வடிவம்.

ஏழு ஐஸ் குச்சிகளை அடுக்கி, இரு முனையிலும் ரப்பர் பேண்ட் போடுங்க. இன்னும் இரண்டு குச்சிகளை ஒரு முனையில் மட்டும் கட்டி, நடுவில் அடுக்கைக் குறுக்காகச் செருகி, சேரும் இடத்தை ரப்பரால் இறுக்குங்க. மேல் குச்சியின் நுனியில் பாட்டில் மூடியை ஒட்டினால் கவண் தயார். குண்டு, காகித உருண்டைதான், கல் கூடாது. எதிரே யாரும் நிற்கக் கூடாது.

"அடுக்கில் குச்சி கூட்டினா தூரம் போகுமா?" என்றுதான் பசங்க முதலில் கேட்பாங்க. இங்கே ஒரு சிக்கல் இருக்கு. அடுக்கு உயர்ந்தால் குண்டு கிளம்பும் கோணமும் மாறும், அமுக்கக் கிடைக்கும் தூரமும் மாறும். எதனால் வித்தியாசம் வந்தது என்று சொல்ல முடியாது.

அதனால் அடுக்கைத் தொடாதீங்க. பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி, முதலில் 2 செ.மீ., பிறகு 4 செ.மீ. அமுக்குங்க. ஒவ்வொன்றுக்கும் ஐந்து முறை எறிந்து, குண்டு முதலில் விழுந்த இடத்தை டேப்பால் அளந்து, வரிசைப்படுத்தி நடு அளவை எடுங்க.

அமுக்கம் இரட்டித்தால் சேமிக்கும் ஆற்றல் ஏறக்குறைய நான்கு மடங்கு. கணக்குப்படி தூரமும் நான்கு மடங்கு வரணும். காற்றுத் தடை அதைக் குறைத்துவிடும். எவ்வளவு குறைந்தது என்று பசங்களே கணக்குப் போடட்டும். மென்பொருளில் பிழை தேடுவதும் இப்படித்தான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாத்தணும்.