மடிக்கணினியில் இரண்டு கிராபிக்ஸ் சிப்கள்: எது எப்போது இயங்குகிறது? பேட்டரி விரைவில் தீர்வது ஏன்?

ஊரிகம் (கோலார் தங்கவயல்): அதிக விலை கொடுத்து வாங்கிய மடிக்கணினியில் முப்பரிமாண மென்பொருள் திணறுகிறது. அதே கணினி, கனமான வேலை எதுவும் செய்யாத நேரத்திலும் சில மணி நேரத்தில் சார்ஜ் இழந்து விடுகிறது. இவ்விரு குறைகளும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றலாம். ஆனால், பல நேரங்களில் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கணினிக்குள் இருக்கும் இரண்டு கிராபிக்ஸ் சிப்களில், அந்த வேலைக்குப் பொருந்தாத ஒன்று இயங்கிக் கொண்டிருப்பதே அது.

தங்கச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்ட பின்னர், கோலார் தங்கவயல் மக்களில் பெரும் எண்ணிக்கையினர் வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருக்கு ரயிலில் சென்று வருகின்றனர். மாரிக்குப்பம், ஊரிகம், கோரமண்டல் நிலையங்களில் காலையில் ஏறுவோருக்குப் பயணத்தில் பேட்டரி தாங்குவது முக்கியம். வீடியோ தொகுப்பு, அனிமேஷன், பொறியியல் வடிவமைப்பு ஆகியவற்றைப் பயிலும் மாணவர்களுக்கோ வேகமும் தேவை. இரண்டையும் ஒரே கணினியில் தருவதற்கான ஏற்பாடுதான் 'ஸ்விட்சபிள் கிராபிக்ஸ்' எனப்படும் மாறும் கிராபிக்ஸ் முறை.

இரண்டு சிப்கள் எதற்கு?

முதலாவது, இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசருடன் இணைந்தே வரும் உள்ளிணைந்த கிராபிக்ஸ். இதற்குத் தனி நினைவகம் இல்லை. கணினியின் ரேமையே பகிர்ந்து கொள்ளும். குறைந்த மின்சாரத்தில் இணையம், ஆவணங்கள், திரைப்படம் ஆகியவற்றைக் கையாளும்.

இரண்டாவது, என்விடியா அல்லது ஏஎம்டி தயாரிக்கும் தனி கிராபிக்ஸ் சிப். இதற்கென்று சொந்த நினைவகம் உண்டு. முப்பரிமாணக் காட்சிகள், விளையாட்டுகள், வண்ணத் திருத்தம், செயற்கை நுண்ணறிவுக் கணக்கீடுகள் ஆகியவற்றில் இதன் திறன் வெளிப்படும். ஆனால், மின் தேவையும் அதிகம். எடுத்துக்காட்டாக, மடிக்கணினிகளில் வரும் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 சிப், மாடலுக்கு ஏற்ப 35 முதல் 115 வாட் வரை பயன்படுத்தும் வகையில் அமைக்கப்படுகிறது.

இதன் விளைவை எளிய கணக்கில் காணலாம். 60 வாட்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியில், கணினி மொத்தமாக 10 வாட் பயன்படுத்தினால் 6 மணி நேரம் இயங்கும். தனி சிப் தேவையின்றி விழித்திருந்து மேலும் 10 வாட் எடுத்துக் கொண்டால், அந்த நேரம் 3 மணியாகச் சுருங்கிவிடும்.

பொத்தானில் தொடங்கிய வரலாறு

2006-ஆம் ஆண்டு வெளிவந்த சோனி வயோ எஸ்இசட் வரிசையில், விசைப்பலகைக்கு மேலே இதற்கென ஒரு பொத்தான் இருந்தது. அதை மாற்றினால் கணினியை மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. 2008-ஆம் ஆண்டின் ஆப்பிள் மேக்புக் ப்ரோவில், மாற்றத்துக்காகப் பயனர் கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். இந்தத் தொல்லையால் பலர் ஒரே சிப்பிலேயே நிரந்தரமாக இருந்து விட்டனர்.

2010 பிப்ரவரியில் என்விடியா அறிமுகப்படுத்திய 'ஆப்டிமஸ்' நுட்பம், இந்தத் தேர்வைக் கணினியிடமே ஒப்படைத்தது. இம்முறையில் திரை எப்போதும் உள்ளிணைந்த சிப்புடனேயே இணைந்திருக்கும். கனமான மென்பொருளைத் திறந்ததும் டிரைவர் அதை அடையாளம் கண்டு தனி சிப்பை எழுப்பும். அது உருவாக்கிய காட்சி, உள்ளிணைந்த சிப்பின் வழியாகத் திரையை அடையும். வேலை முடிந்ததும் தனி சிப்புக்குச் செல்லும் மின்சாரம் நிறுத்தப்படும்.

இதில் ஒரு குறையும் உண்டு. ஒவ்வொரு காட்சியையும் இடம் மாற்றிக் காட்டுவதால், வேகமான விளையாட்டுகளில் சிறிதளவு வேகம் குறையும். இதைத் தவிர்க்க, திரையை நேரடியாகத் தனி சிப்புடன் இணைக்கும் 'மக்ஸ் ஸ்விட்ச்' என்ற பாகம் சில உயர்நிலை மாடல்களில் பொருத்தப்படுகிறது. பல மாடல்களில் இதை மாற்றிய பின் கணினியை மீண்டும் தொடங்க வேண்டும். மீண்டும் தொடங்காமலேயே மாற்றித் தரும் 'அட்வான்ஸ்டு ஆப்டிமஸ்' 2020-இல் அறிமுகமானது.

தவறு எங்கே நேர்கிறது?

டிரைவர் அறியாத மென்பொருளாக இருந்தால், அது உள்ளிணைந்த சிப்பிலேயே இயங்கிவிடக்கூடும். அப்போது பணம் கொடுத்து வாங்கிய திறன் உறங்கிக் கொண்டிருக்கும். மாறாக, பின்னணியில் இயங்கும் ஏதேனும் ஒரு செயலி தனி சிப்பை உறங்கவிடாமல் வைத்திருந்தால் பேட்டரி வேகமாகத் தீரும். பல மாடல்களில் எச்டிஎம்ஐ துளை நேரடியாகத் தனி சிப்புடன் இணைக்கப்பட்டிருக்கும். அத்தகைய கணினியில் வெளித்திரை இணைந்திருக்கும் வரை அந்தச் சிப் விழித்தே இருக்கும்.

கண்டறிவதும் சரிசெய்வதும்

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் பெர்பார்மன்ஸ் பகுதியில் 'ஜிபியு 0', 'ஜிபியு 1' என இரண்டும் பெயருடன் காட்டப்படும். மென்பொருளை இயக்கியபடியே பார்த்தால், எந்தச் சிப் உழைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

மாற்ற விரும்பினால், செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்ற வரிசையில் சென்று, உரிய மென்பொருளைத் தேர்ந்தெடுத்து 'ஹை பெர்பார்மன்ஸ்' அல்லது 'பவர் சேவிங்' என நிர்ணயிக்கலாம். 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு முதல் இந்த வசதி உள்ளது. உபுண்டு லினக்ஸில் என்விடியா சிப் உள்ள கணினிகளுக்கு 'பிரைம்-செலக்ட்' என்ற கட்டளை இதே பணியைச் செய்கிறது.

டிவைஸ் மேனேஜரில் ஏதேனும் ஒரு சிப்பை முடக்கிவிடுவது சரியான தீர்வு அன்று. ஆப்டிமஸ் முறையில் திரைக்குக் காட்சி செல்வதே உள்ளிணைந்த சிப்பின் வழியாகத்தான். மேலும், 2011-இல் அறிமுகமான இன்டெல் 'குயிக் சிங்க்' வசதி அந்தச் சிப்பிலேயே உள்ளது. வீடியோ கோப்புகளை விரைவாக விரித்துக் காட்ட எடிட்டிங் மென்பொருள்கள் பல இதைப் பயன்படுத்துகின்றன. தனி சிப்பை முடக்கினாலும், சில மாடல்களில் அது முழுமையாக அணையாமல் மின்சாரத்தைத் தொடர்ந்து எடுத்துக் கொள்ளும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பெங்களூரு எஸ்.பி. சாலை போன்ற சந்தைகளில் பழைய மடிக்கணினி வாங்குவோர், டாஸ்க் மேனேஜரில் இரு சிப்களும் தெரிகின்றனவா என்பதைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். புதிய கணினி வாங்குவோர், சிப்பின் பெயருடன் அதற்கு எத்தனை வாட் அனுமதிக்கப்பட்டுள்ளது என்பதையும் கேட்டறிவது நல்லது. ஒரே பெயருள்ள சிப், குறைந்த வாட்டில் வேகம் குறைந்தே இயங்கும்.

சார்ஜர் இணைக்காதபோது தனி சிப்பின் வேகத்தைப் பெரும்பாலான கணினிகள் தாமாகவே குறைத்து விடும். எனவே ரெண்டரிங் போன்ற கனமான பணிகளை மின் இணைப்பு உள்ள இடத்திலும், எழுத்துப் பணிகளை 'பவர் சேவிங்' நிலையில் பயணத்திலும் செய்வதே பயன் தரும். பழுதுபார்க்கும் கடைக்குச் செல்லும் முன், எந்தச் சிப் இயங்குகிறது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் வீண் செலவையும் தவிர்க்கலாம்.