காவலில் உள்ள சிறுவனும் அமானிதமே

பயணம் புறப்படும் ஒருவர் தம் பொருளை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்கின்றார். அஃது அமானிதம். திரும்பி வரும்போது அதில் ஒரு காசு குறைந்திருந்தாலும் அது மோசடியேயாகும். அநாதைகளின் சொத்தை அநியாயமாக உண்போரைத் திருமறை மிகக் கடுமையாக எச்சரிக்கின்றது. பொருளுக்கே இத்துணைப் பாதுகாப்பு என்றால், பெற்றோரிடமிருந்து பிரித்து அரசாங்கத்தின் கையில் ஒப்படைக்கப்படும் சிறுவனின் உடலும் மானமும் எத்துணைப் பெரிய அமானிதம்!

“அவன் குற்றவாளிதானே?” என்று கேட்போர் உண்டு. நீதிமன்றம் அவனது சுதந்திரத்தைத்தான் கட்டுப்படுத்துகின்றது. அவன் மானத்தை எவருக்கும் எழுதிக் கொடுத்துவிடவில்லை.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மரியானா என்னும் ஊரில் 1900-ஆம் ஆண்டில் சிறுவர் சீர்திருத்தப் பள்ளியொன்று திறக்கப்பட்டது. பிற்காலத்தில் டோசியர் பள்ளி எனப் பெயர் பெற்ற அது 2011 வரை நடந்தது. 1903-இலேயே அங்குச் சென்ற சட்டமன்றக் குழுவினர், சிறுவர்கள் விலங்கிடப்பட்டிருக்கக் கண்டனர். எனினும் கொடுமை ஓயவில்லை. ‘வெள்ளை மாளிகை’ என்று அழைக்கப்பட்ட சிறு கட்டடத்துக்குள் கொண்டுசென்று, ஊழியர்கள் சிறுவர்களைத் தோல்வாரினால் அடித்தனர். பாலியல் கொடுமைக்கும் ஆளானதாக அங்கிருந்தோர் பலர் தலை நரைத்த பின்னரே வாய் திறந்து கூற முடிந்தது. பள்ளியின் இடுகாட்டில் நின்ற சிலுவைகள் 31. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டிக் கண்ட புதைகுழிகளோ 55. மாநிலச் சட்டமன்றம் 2017-இல் மன்னிப்புக் கோரியது. 2024-இல் 2 கோடி டாலர் இழப்பீடு ஒதுக்கப்பட்டது. இழந்த இளமைக்கு ஈடு ஏது?

இத்தனை காலம் இது மறைந்திருந்தது எங்ஙனம்? பார்வையிட வந்தோர் மாலையில் திரும்பிச் சென்றனர். சிறுவனோ இரவில் அதே ஊழியரின் கையில் இருந்தான். அடித்தவரிடமே அவன் முறையிட வேண்டியிருந்தது!

சிறைகளில் நிகழும் பாலியல் வன்கொடுமையை ஒழிப்பதற்கென 2003-இல் அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ் 2012-இல் வகுக்கப்பட்ட விதிகள் சிறுவர் இல்லங்களையும் கட்டுப்படுத்துகின்றன. முறையிடும் வழிகளுள் ஒன்றேனும் இல்லத்துக்கு வெளியேயுள்ள அமைப்பிடம் செல்ல வேண்டும். எழுதுவதற்கான பொருள்கள் சிறுவனுக்குக் கிடைக்க வேண்டும். பெற்றோரையும் வழக்கறிஞரையும் அவன் அணுக முடிய வேண்டும். முறையிட்டவனைப் பழிவாங்குகின்றனரா என்று குறைந்தது 90 நாள்கள் கண்காணிக்க வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை வெளியார் தணிக்கை செய்ய வேண்டும்.

இருந்தும், 2018-இல் அரசு எடுத்த கணக்கெடுப்பில், இல்லங்களிலிருந்த இளைஞர்களுள் நூற்றுக்கு ஏழு பேர் முந்திய ஓராண்டுக்குள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். அவர்களுள் பெரும்பாலோர் சுட்டிக் காட்டியது ஊழியர்களையே. சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பூட்டு, சிறுவன் ஓடிவிடாமல் தடுக்கும். சாவியை வைத்திருப்பவரிடமிருந்து அவனைக் காக்காது. ஒப்படைத்தவர் கணக்குக் கேளாத இடத்தில் அமானிதம் நிலைப்பதில்லை. ஒப்படைத்தவர் யார்? நீதிமன்றம் மட்டுமன்று; அதற்கு அதிகாரம் அளித்த சமுதாயம் முழுவதுமே. சுவருக்குள் எழும் அழுகையை மனிதர் கேளாவிடினும் இறைவன் கேட்கின்றான். அதனால் அதைக் கேட்க வேண்டிய நம் கடமை நீங்கிவிடுவதில்லை.