புயல் இரவில் பட்டியல் அனுப்ப எந்த ரேடியோ?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கனகசெட்டிகுளத்தை அடுத்து வருகிற ஊர் கீழ்புத்துப்பட்டு. கிழக்கே கடல், வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். மீனவர்கள், விவசாயிகள், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழும் குடும்பங்கள் என்று பலதரப்பட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். புயல்களுக்கு இந்தக் கரை பழக்கமான வழி. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2020 நவம்பர் 25 இரவு ‘நிவர்’ மரக்காணத்தை ஒட்டிக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ வந்தபோது, அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது.

இப்படிப்பட்ட இரவில் மின்சாரம் போகும். செல்போன் டவரின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகச் சாலை இருக்காது. அப்போது கைகொடுப்பது ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி. ஒரு கார் பேட்டரி, அனுப்பவும் வாங்கவும் செய்யும் ஒரு டிரான்ஸீவர், உயரத்தில் ஓர் ஆண்டெனா இருந்தால் போதும். நடுவில் எந்த நிறுவனத்தின் டவரும் வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, ஹாம் ரேடியோ இயக்குவதற்காக ஏற்கெனவே போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தவர் பாரதி பிரசாத். ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த அவரும் அவருடைய குழுவினரும், தீவில் இருப்பவர்கள் நலமா என்ற விசாரிப்புகளையும் பதில்களையும் ரேடியோவில் பேசிப் பேசியே கடத்தினார்கள்.

பேச்சு அவசரத்துக்கு உதவும். ஆனால் பேரிடரில் பெரும்பாலும் போய்ச் சேர வேண்டியது பட்டியல். புயல் பாதுகாப்பு மையத்தில் யார் யார் இருக்கிறார்கள், எந்தத் தெரு, என்ன வயது, என்ன தேவை. 300 பேரின் விவரத்தை ஆளுக்குப் பத்து விநாடி என்று வாசித்தாலே 50 நிமிடம் ஆகும். இரைச்சலில் ஒரு பெயர் தப்பாகக் கேட்டால் யாரோ ஒருவர் காணாமல் போனவர் ஆகிவிடுவார். கணினியிலிருந்து எழுத்தாகவே அனுப்பினால் அந்தப் பிழை வராது. செய்தி பாக்கெட் எனப்படும் சிறு துண்டுகளாகப் போகும். ஒவ்வொரு பாக்கெட்டும் சரியாக வந்ததா என்று வாங்கும் முனையே சரிபார்த்து, கெட்டுப்போனதை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும்.

தமிழில் அனுப்புகிறவர்களுக்கு இங்கே கூடுதல் சுமை உண்டு. இன்றைய யூனிகோட் முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். ‘முருகன்’ என்ற பெயர் மட்டும் 21 பைட். ஆளுக்கு 120 பைட் என்று வைத்தாலும் 300 பேருக்கு 36,000 பைட் ஆகிவிடுகிறது. வேகமான ரேடியோவைத் தேடுவதற்கு இது உண்மையான காரணம்.

ஹாம் ரேடியோவில் பழகிப்போன வேகம் விநாடிக்கு 1200 பிட். 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளை மாற்றி மாற்றி அனுப்புவதுதான் இதன் முறை. இரண்டும் மனிதக் குரலின் எல்லைக்குள் வருவதால், எந்த ரேடியோவின் மைக் துளையிலும் ஸ்பீக்கர் துளையிலும் ஒயரைச் செருகி இதைச் செய்துவிடலாம். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கையடக்க ரேடியோவிலும் நடக்கும்.

அடுத்த படி 9600. இதைச் செம்மையாக்கியவர் ஜேம்ஸ் மில்லர் என்ற பிரிட்டன் ஹாம். கணினியின் பிட்டுகளை ரேடியோவுக்கு ஏற்ப மாற்றித் தரும் கருவி மோடம். 1988இல் அவர் வெளியிட்ட மோடம் வடிவமைப்பு இன்றும் உலகம் முழுவதும் புழங்குகிறது. இதில் ஒலி என்று எதுவும் இல்லை. பிட் மாறும்போது அலையின் அதிர்வெண்ணே நேரடியாக ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸ் மேலும் கீழும் நகர்கிறது. பூஜ்யத்துக்கு அருகிலிருந்து 4800 ஹெர்ட்ஸ் வரை எல்லாமே சிதையாமல் போக வேண்டும். மைக் வழியே போனால் ரேடியோ 300க்குக் கீழேயும் 3000க்கு மேலேயும் வெட்டிவிடும். பேச்சு தெளிவாகக் கேட்பதற்காக மேல் சுருதியைத் தூக்கியும் விடும். குரலுக்கு நன்மை செய்வது தரவைக் கொன்றுவிடுகிறது.

ஆகவே ரேடியோ வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் வாட் கணக்கை அல்ல. தரவு உள்ளே எந்த இடத்தில் நுழைகிறது, வெளியே எந்த இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அனுப்பும்போது மைக் சுற்றுகளைத் தாண்டி, தரவை அலையில் ஏற்றும் பண்பேற்றிக்கே நேராகப் போக வேண்டும். வாங்கும்போது ஒலி திருத்தம் நடக்கும் முன்பே எடுக்க வேண்டும். இதற்காகவே பல டிரான்ஸீவர்களின் பின்புறத்தில் ஆறு முனைகள் கொண்ட சிறிய வட்ட டேட்டா சாக்கெட் இருக்கும். அதில் 1200க்கு ஒரு முனை, 9600க்கு இன்னொரு முனை. யேசு எப்டி-817, 818 இரண்டிலும் இது உண்டு. கென்வுட் டிஎம்-டி710இல் மோடமே உள்ளே பொருத்தப்பட்டிருக்கிறது. டிஎம்ஆர் வகை டிஜிட்டல் ரேடியோக்களின் விளம்பரத்திலும் 9600 என்ற எண் வரும். அது அந்த ரேடியோ தன் குரலை அனுப்பும் வேகம். உங்கள் கோப்பை ஏற்றிக்கொள்ளும் வேகம் அல்ல. ஏமாற வேண்டாம்.

சாக்கெட் இருந்தும் சில ரேடியோக்கள் தடுமாறும். அலையின் அதிர்வெண்ணை நிலையாகப் பிடித்து வைக்கும் சுற்று ஒன்று இன்றைய ரேடியோக்கள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. ஓரம் போகும் மாட்டைக் கயிறு இழுத்து வழிக்குக் கொண்டுவருவதுபோல, மெதுவாக நகரும் எதையும் அது பிழை என்று எண்ணித் திருத்திவிடும். தொடர்ந்து ஒரே வகை பிட்டுகள் வந்தால் தரவே திருத்தப்பட்டுவிடும். மில்லரின் மோடம் இதற்காகவே பிட்டுகளை ஒரு விதிப்படி கலைத்து அனுப்பி, மறுமுனையில் சேர்க்கிறது. அந்த விதி எல்லோருக்கும் தெரிந்தது, ரகசியக் குறியீடு அல்ல. அமெச்சூர் வானொலியில் ரகசியக் குறியீட்டுக்கு அனுமதியும் இல்லை. வாங்கும் பக்கத்தின் வடிகட்டி குறுகலாக இருந்தாலும் 9600 பாழாகும். ஒரு பிட்டின் ஆயுள் 104 மைக்ரோவிநாடிதான். ஒன்றின் வால் அடுத்ததன் மேல் படிந்துவிடும்.

பலரும் கவனிக்காத ஒன்று, அனுப்பும் நிலைக்கும் வாங்கும் நிலைக்கும் இடையே மாற ரேடியோ எடுத்துக்கொள்ளும் நேரம். 256 பைட் பாக்கெட் ஒன்று 1200இல் போக 1.7 விநாடி, 9600இல் 0.21 விநாடி. ஒவ்வொரு முறையும் ரேடியோ நிலைகொள்ள 0.3 விநாடி காத்திருக்க வேண்டுமென்றால் கணக்கு 2 விநாடிக்கும் அரை விநாடிக்கும் வந்து நிற்கும். எட்டு மடங்கு என்று வாங்கிய வேகம் நான்கு மடங்குதான். நம்முடைய 36,000 பைட் பட்டியலை பாக்கெட் பாக்கெட்டாக அனுப்பினால், முகவரியும் ஒப்புதலும் தவிர்த்து, 1200இல் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு; 9600இல் 72 விநாடி. அதே 9600, 0.05 விநாடியில் மாறும் ரேடியோவில் 37 விநாடியில் முடிந்துவிடும். விலையைப் பார்க்கும் முன் இந்த மாறும் நேரத்தைக் கேளுங்கள்.

வேகத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. அதே வாட் சக்தியில் ஒவ்வொரு பிட்டுக்கும் எட்டில் ஒரு பங்கு ஆற்றல்தான் கிடைக்கும். அதனால் 9600க்கு ஆண்டெனா நன்றாக இருந்தாக வேண்டும். இந்தக் கரை தட்டையானது. இரு முனையிலும் 10 மீட்டர் கம்பம் என்றால் ரேடியோவின் பார்வைத் தூரம் சுமார் 26 கி.மீ. கீழ்புத்துப்பட்டிலிருந்து புதுச்சேரியும் மரக்காணமும் இதற்குள் வந்துவிடும். விழுப்புரம் வராது, மயிலம் குன்று போன்ற ஓர் உயரத்தில் இடைநிலையம் தேவைப்படும். சவுக்குத் தோப்புகளைக் கடந்து போக 434–438 மெகாஹெர்ட்ஸைவிட 144–146 மெகாஹெர்ட்ஸ் பட்டை மேல். உப்புக் காற்று ஆண்டெனா இணைப்புகளை மெல்லத் தின்றுவிடும். ரேடியோவில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, இணைப்புகளை நீர்புகா நாடாவால் சுற்றி மூடுவதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

செய்தியைத் தரவாக ரேடியோவில் அனுப்பும் முயற்சி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய 40 கிலோ எடையுள்ள அனுசாட் 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. தரையிலிருந்து வரும் செய்தியை வாங்கிச் சேமித்து, வேறோர் இடத்துக்கு மேலே வரும்போது இறக்கிவிடுவதைச் சோதிப்பது அதன் பணி. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அது.

ஒரே ஒரு ரேடியோவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் என் தேர்வு இது: 12 வோல்ட்டில் ஓடும் வாகன வகை ரேடியோ, டேட்டா சாக்கெட் உள்ளது, இரண்டு வேகத்திலும் அனுப்பக்கூடியது. மோடத்துக்குத் தனிப் பெட்டி வேண்டாம். ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் ஓடும் ‘டைர்வுல்ஃப்’ என்ற இலவச மென்பொருள் அந்த வேலையைச் செய்யும். முதலில் 1200இல் தொடங்குங்கள். 100 பாக்கெட் அனுப்பி எத்தனை சேர்ந்தது என்று எண்ணுங்கள். கம்பம் உயர்ந்து, இணைப்பு உறுதியான பிறகு 9600க்கு மாறலாம். காற்றில் போவதை யாரும் கேட்கலாம் என்பதால் நோய் விவரங்களைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

உரிமம் இல்லாமல் இதைத் தொடக் கூடாது. அதற்கான மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். தொடக்க நிலைக்கு மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கீழ்புத்துப்பட்டுக்குப் பக்கத்திலேயே, காலாப்பட்டுக் கரையில் இருக்கின்றன. அங்கே படிக்கும் மின்னணுவியல் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த ஆண்டு தேர்வை எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், இந்தக் கரையின் ஒரு புயல் பாதுகாப்பு மையத்திலிருந்து உங்கள் வளாகத்துக்கு ஒரு தமிழ்ப் பட்டியலை அனுப்பிப் பாருங்கள்.